ஓட்டத்தை முடித்தவர்

முயற்சி, விடாமுயற்சி என்னும் இரு சொற்களும் ஒரு பொருளனவே என நாம் எளிதாகக் கருதிவிடுகின்றோம். ஆயினும் அவற்றிடையே நுண்ணிய வேறுபாடு ஒன்று உண்டு. ஒரு செயலைத் தொடங்கி அதன்கண் உழைப்பது முயற்சி. 'விடா' என்பதோ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஒன்றனைக் கைவிடுதற்குரிய காரணம் எதிர்ப்பட்ட இடத்திலேதான் 'விடேன்' என்னும் மறுப்புக்கு இடமுண்டு. ஆகவே, இடையூறு வாராத வரையில் ஒருவனிடம் காணப்படுவது முயற்சியே. இடையூறு வந்த பின்னரும் அது குன்றாது நிற்குமாயின் விடாமுயற்சி எனப்படும். திருவள்ளுவர் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தை அடுத்து இடுக்கணழியாமை என்னும் அதிகாரத்தை அமைத்திருப்பதும் இவ்விரண்டன் தொடர்பை நமக்குப் புலப்படுத்தும்.

இவ்வுண்மையை ஏட்டால் அறிவதினும் விளையாட்டுக் களத்தில் அறிவது எளிது. ஓட்டப் பந்தயத்தில் ஒருவன் விழுந்தால், அவன் விழுந்ததைப் பலரும் காண்பர். அவனுக்காகப் பிறர் எவரும் ஓட இயலாது. விழுந்ததை நினைந்து வருந்துவதற்கும் அவனுக்கு நேரமில்லை. வருந்திக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நொடியும் மற்றையோர் முன்னே சென்றுகொண்டிருப்பர். எழுவதா, கிடப்பதா என்னும் வினாவுக்கு அக்கணமே விடை கூறியாக வேண்டும். வாழ்க்கையில் பல ஆண்டுகளில் கற்கும் பாடத்தை விளையாட்டுக் களம் ஒரு நிமிடத்தில் கற்பித்துவிடுகின்றது.

கிறித்தவ சமயத்தின் தொடக்க காலத்திலேயே இவ்வொப்புமை உணரப்பட்டது. கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரை அடுத்து ஈராண்டுக்கு ஒருமுறை பெரிய விளையாட்டு விழா ஒன்று நடைபெறுவது வழக்கம். அதில் வென்றார்க்கு இலைகளால் தொடுத்த முடி சூட்டப்பெறும். சின்னாளில் அவ்விலைகள் வாடி உதிர்ந்துவிடும். கி.பி. முதல் நூற்றாண்டில் அந்நகரத்தார்க்குத் திருமுகம் வரைந்த தூய பவுல், வாடும் முடிக்காக ஓடுவோரே தம் உடலை இத்துணை அடக்கிப் பழகுகின்றனர் எனின், வாடா முடியை நாடுவோர் எத்துணை அடக்கம் பூண வேண்டும் என்னும் கருத்தை அவர்களுக்கு எடுத்துரைத்தார். எபிரேயர்க்கு எழுதப்பெற்ற திருமுகமும் வாழ்க்கையை ஓர் ஓட்டமாக உருவகித்து, அதனைப் பொறுமையோடு ஓடுமாறு வற்புறுத்துகின்றது. விரைவோடு ஓடுக என்னாது பொறுமையோடு ஓடுக என்றமை நம் கருத்திற்குரியது.

அவ்வறிவுரையைத் தம் கால்களாலும் வாழ்வாலும் மெய்ப்பித்தவர் ஒருவர் இருபதாம் நூற்றாண்டில் வாழ்ந்தார். அவர் எரிக் லிடெல் என்னும் ஸ்காத்லாந்து வீரர். பிறரால் வந்த இடையூறு, தாமே விரும்பி ஏற்ற இழப்பு, எவராலும் நீக்க முடியாத துன்பம் என மூவகை இடர்களை அவர் எதிர்கொண்டார். அவற்றை அவர் தாங்கிய வகையினை இப்பாடத்தில் காண்போம்.

இளமை

எரிக் லிடெல் 1902ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 16ஆம் நாள் சீன நாட்டுத் தியான்ஜின் நகரில் பிறந்தார். அவர்தம் பெற்றோர் லண்டன் மிஷனரி சங்கத்தைச் சார்ந்த சமயத் தொண்டர்கள். நாகர்கோயில், சேலம், கோயம்புத்தூர் முதலிய ஊர்களில் பள்ளிகளை நிறுவி நம் நாட்டிலும் பணியாற்றிய சங்கம் அதுவே. எரிக் ஆறு வயதினராய் இருந்தபோது, அவரும் அவர்தம் தமையனாரும் தொண்டர்தம் புதல்வர்க்கென லண்டனில் நடந்த விடுதிப் பள்ளியிற் சேர்க்கப்பட்டனர். பெற்றோர் கடல் கடந்து சீனம் மீண்டனர். தாய் தந்தையரைக் காணாது பல ஆண்டுகள் வாழ வேண்டிய நிலை அவ்விளஞ் சிறுவர்க்கு வாய்த்தது.

பின்னர் எரிக் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் பயின்றார். 1922, 1923ஆம் ஆண்டுகளில் ஸ்காத்லாந்து நாட்டின் சார்பில் ஏழு முறை ரக்பி ஆட்டம் ஆடினார். எனினும் ஓட்டமே அவர்க்குப் பெரும்புகழ் தந்தது. அவர் ஓடும் முறை அழகியதன்று. தலையைப் பின்னே சாய்த்து, வாயைத் திறந்து, கைகளைக் காற்றில் வீசிக்கொண்டு ஓடுவார். ஓட்டக்கலை வல்லுநர் பலர் அதனைக் கண்டு நகைத்தனர். ஆனால் அந்த ஓட்டத்தின் விரைவைக் கண்டபின் அவர்கள் நகைப்பு வியப்பாக மாறிற்று.

விழுதலும் எழுதலும்

1923ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இங்கிலாந்து, ஸ்காத்லாந்து, அயர்லாந்து ஆகிய மூன்று நாட்டு வீரர்களும் கலந்துகொண்ட போட்டி ஒன்று ஸ்டோக்-ஆன்-டிரென்ட் என்னும் நகரில் நடைபெற்றது. அங்கு 440 கெஜ ஓட்டத்தில் லிடெல் கலந்துகொண்டார். ஓட்டம் தொடங்கிச் சில அடிகளே சென்றிருந்த நிலையில், வீரர்களிடையே ஏற்பட்ட நெருக்கத்தில் லிடெல் இடிபட்டு ஓடுபாதையினின்றும் புறத்தே வீழ்ந்தார். மற்றையோர் முன்னே பறந்தனர்.

அவர் ஒரு கணம் தயங்கினார். பாதையை விட்டு நீங்கியமையால் தாம் போட்டியினின்றும் விலக்கப்பட்டுவிட்டோமோ என்று ஐயுற்றார். ஓடலாம் என நடுவர்கள் சைகை காட்டினர். அதனைக் கண்டவுடனே துள்ளி எழுந்து ஓடத் தொடங்கினார். அப்பொழுது முன்னே சென்றவர்க்கும் அவர்க்கும் இடையே ஏறத்தாழ 20 கெஜ தூரம் இருந்தது. கால் மைல் ஓட்டத்தில் 20 கெஜம் என்பது சிறிய இடைவெளியன்று. ஒருவரையொருவர் நொடிக் கணக்கில் வெல்லும் அவ்வோட்டத்தில் அதனை ஈடு செய்தல் அரிதினும் அரிது. ஆயினும் லிடெல் ஒருவரொருவராகக் கடந்து சென்று, எல்லைக் கோட்டை முதல்வராகத் தொட்டார். தொட்டவுடன் களைத்துக் கீழே சாய்ந்தார். அவ்வோட்டத்திற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் 51.2 வினாடி.

மாணவர்களே! இங்கே நாம் கருத வேண்டுவது அவருடைய கால்வலிமை மட்டுமன்று. விழுந்தது அவர் குற்றமன்று. 'என்னை இடித்து வீழ்த்திவிட்டனர்' என முறையிட்டுக்கொண்டு அங்கேயே நின்றிருப்பின் எவரும் அவரைக் குறை கூறியிரார். பலர் இரங்கியும் இருப்பர். அந்த இரக்கத்தைப் பெற்று அமைதிகொள்ள அவர் விரும்பவில்லை. தம்மை வீழ்த்தியவர் யார் என்று ஆராய்வதற்கும் முற்படவில்லை. இன்னும் ஓடலாமா என்பது ஒன்றே அவர் அறிய விரும்பியது. ஓடலாம் என்று அறிந்தபின் வேறெதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

இழக்கத் துணிதல்

அடுத்த இடர் வேறு வகையது. 1924ஆம் ஆண்டு பாரிசு மாநகரில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெறவிருந்தன. 100 மீட்டர் ஓட்டத்தில் பிரிட்டனின் பெரு நம்பிக்கையாக விளங்கியவர் லிடெல். ஆனால் நிகழ்ச்சி நிரல் வெளிவந்தபோது, அவ்வோட்டத்தின் முதற்சுற்று சூலைத் திங்கள் 6ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை நடைபெறும் எனக் காணப்பட்டது. ஞாயிறு இறைவனுக்குரிய ஓய்வுநாள் என்பதும், அந்நாளில் விளையாட்டுப் போட்டியிற் கலந்துகொள்ளலாகாது என்பதும் லிடெல் இளமை முதல் கைக்கொண்டிருந்த நெறி. தாம் அந்த ஓட்டத்தில் கலந்துகொள்ள இயலாது என்று அவர் அமைதியாக அறிவித்துவிட்டார். ஞாயிறன்று நடைபெறவிருந்த தொடரோட்டங்களையும் அவ்வாறே துறந்தார்.

இச்செய்தி நாட்டில் பெருஞ்சலசலப்பை உண்டாக்கிற்று. நாட்டின் பெருமையை எண்ணாதவர் என்று சிலர் பழித்தனர். லிடெல் எவரோடும் வாதாடவில்லை. தம் நெறியைப் பிறர் மீது சுமத்தவும் இல்லை. எஞ்சிய சில மாதங்களில் 400 மீட்டர் ஓட்டத்திற்குத் தம்மைப் பழக்கத் தொடங்கினார்.

1981ஆம் ஆண்டு வெளிவந்து பெரும்புகழ் பெற்ற ஆங்கிலத் திரைப்படம் ஒன்று, கப்பலேறும் வேளையில்தான் அவர் இச்செய்தியை அறிந்ததாகக் காட்டுகின்றது. நிகழ்ந்தது அவ்வாறன்று. பல மாதங்களுக்கு முன்னரே அவர் அதனை அறிந்திருந்தார். திரைக்கதைக்குத் திடீரெனச் செய்யும் துறவு சுவை தரலாம். ஆனால் உண்மை அதனினும் சிறந்தது. ஒரு நாள் உணர்ச்சி மேலிட்டு 'மாட்டேன்' என்பது எளிது. பழிமொழி நாள்தோறும் காதில் விழ, தாம் கைவிட்ட ஓட்டத்தைப் பிறர் பயில்வதைக் கண்ணாற் கண்டுகொண்டே, தமக்கு அத்துணைப் பழக்கமில்லாத வேறோர் ஓட்டத்தை மாதக்கணக்காகப் பயில்வது அரிது. அவர்தம் உறுதி அவ்வரிய வகையைச் சார்ந்தது.

100 மீட்டர் ஓட்டத்தில் பிரிட்டனின் மற்றொரு வீரரான ஹரால்டு ஆபிரகாம்சு தங்கப் பதக்கம் பெற்றார். 200 மீட்டர் ஓட்டத்தில் லிடெல் மூன்றாவதாக வந்து வெண்கலப் பதக்கம் பெற்றார். சூலை 11ஆம் நாள் 400 மீட்டர் இறுதி ஓட்டம் நடைபெற்றது. அன்று காலையில் குழுவினர்க்கு உடம்பு பிடித்துவிடும் உதவியாளர் ஒருவர் சிறு தாளொன்றை மடித்து அவர் கையிற் கொடுத்தார். இறைவனைப் பெருமைப்படுத்துவோரை இறைவன் பெருமைப்படுத்துவான் என்னும் பொருள்பட அதில் எழுதப்பட்டிருந்தது. பழி கூறியோர் பலராயினும், தம்மை உணர்ந்தவர் ஒருவரேனும் உளர் என்பதை அச்சிறு தாள் அவர்க்கு உணர்த்திற்று.

இறுதி ஓட்டத்தில் அவர்க்குக் கிடைத்தது மிகப் புறத்தே உள்ள பாதை. அப்பாதையில் ஓடுவோர்க்குப் பிறர் எவ்வளவு விரைவில் வருகின்றனர் என்பது தெரியாது. லிடெல் முதல் 200 மீட்டர் தூரத்தை 22.2 வினாடியிற் கடந்தார். குறுகிய தூரத்தை ஓடுவது போல இவ்வாறு ஓடுகின்றவர் இறுதியில் களைத்துவிடுவார் என்றே கண்டோர் கருதினர். அவர் களைக்கவில்லை. 47.6 வினாடியில் ஓடி முடித்து, ஒலிம்பிக்கில் அதுவரை எவரும் எய்தாத விரைவை எய்தித் தங்கப் பதக்கம் பெற்றார்.

இந்நிகழ்ச்சியோடு கதை முடிந்திருப்பின், 'நம்பிக்கையுடையார்க்குப் பதக்கம் உறுதி' என நாம் எளிதாக முடிவு கட்டிவிடுவோம். அம்முடிவு பிழையானது. அவர் 100 மீட்டர் ஓட்டத்தைத் துறந்தபோது 400 மீட்டரில் வெற்றி கிடைக்கும் என்று எவரும் அவர்க்கு உறுதி கூறவில்லை. வெல்லாது போயினும் அவர் அம்முடிவையே மேற்கொண்டிருப்பார். பரிசுக்காக மேற்கொள்ளப்படும் நெறி, பரிசு கிட்டாதபோது கைவிடப்படும். அவர் கொண்ட நெறி அத்தகையதன்று என்பதற்கு அவர்தம் பிற்கால வாழ்வே சான்று.

முடிவு காணாத ஓட்டம்

பட்டம் பெற்ற பின் லிடெல் புகழின் உச்சியில் இருந்தார். ஆயினும் 1925ஆம் ஆண்டில் அவை அனைத்தையும் விடுத்துத் தாம் பிறந்த தியான்ஜின் நகர்க்குச் சென்று, அங்குள்ள கல்லூரியொன்றில் சீன மாணவர்க்கு அறிவியலும் விளையாட்டும் கற்பிக்கும் ஆசிரியரானார். 1934இல் மணம் புரிந்தார். பின்னர்ப் போரும் வறுமையும் வாட்டிய நாட்டுப்புறப் பகுதிக்குத் தொண்டாற்றச் சென்றார். அவர்தம் தமையனார் அங்கு மருத்துவராய் இருந்தார். ஊர் ஊராக நடந்தும் மிதிவண்டியிற் சென்றும் மக்களைக் கண்டு உதவினார். போரிற் காயமுற்றோரை வண்டியிலேற்றி மருத்துவமனைக்குக் கொணர்ந்தார்.

1941இல் சப்பானியர் கையோங்கி இடர் பெருகியபோது, கருவுற்றிருந்த தம் மனைவியாரையும் பெண்மக்கள் இருவரையும் கனடா நாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தாம் பணியில் தங்கினார். அவ்வாண்டில் பிறந்த மூன்றாம் மகளை அவர் ஒருகாலும் காணவில்லை. 1943ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஏனைய வெளிநாட்டாரோடு அவரும் சாந்துங் மாநிலத்து வேய்ஷியன் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். மதிற்சுவர் சூழ்ந்த அச்சிற்றிடத்தில் ஏறத்தாழ 1500 பேர் நெருங்கி வாழ்ந்தனர். உணவு குறைவு, குளிர் மிகுதி, விடுதலை எந்நாள் என்பது எவர்க்கும் தெரியாது.

மைதானத்தில் ஓடுவோர்க்கு எல்லைக்கோடு தெரியும். இன்னும் இத்தனை மீட்டர் என்று எண்ணி உடலைத் தேற்றிக்கொள்ளலாம். எல்லைக்கோடே கண்ணிற்படாத ஓட்டத்தை ஓடுவது எங்ஙனம்? லிடெல் அதற்கு ஒரு வழி கண்டார். ஒவ்வொரு நாளையும் ஒரு முழு ஓட்டமாகக் கொண்டார். விடியற்காலையில் பிறர் எழுமுன் எழுந்து சிறு விளக்கொளியில் மறைநூல் ஓதி இறைவனை வேண்டுவார். பின்னர் முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் தண்ணீரும் கரியும் சுமந்து கொடுப்பார். ஆய்வுக் கருவிகள் இல்லாமையால், அவற்றின் படங்களைத் தாமே வரைந்து மாணவர்க்கு வேதியியல் கற்பிப்பார்.

பெற்றோரைப் பிரிந்த பள்ளிப் பிள்ளைகள் பலர் அம்முகாமில் இருந்தனர். ஆறு வயதில் தாய் தந்தையரைப் பிரிந்த லிடெலுக்கு அவர்தம் துயரம் நன்கு விளங்கிற்று. அவர்களுக்காக ஓட்டப் பந்தயங்களையும் ஹாக்கி ஆட்டத்தையும் நடத்தினார். முறிந்த மட்டைகளைத் துணி சுற்றிக் கட்டிச் செப்பனிட்டார். பனிக்காலத்தில் காலணி தேய்ந்து வருந்திய இளைஞன் ஒருவனுக்குத் தம்முடைய ஓட்டக் காலணிகளையே தைத்துச் சீர்செய்து கொடுத்துவிட்டார்.

அம்முகாமில் நிகழ்ந்த ஒரு செய்தி நம் சிந்தனைக்குரியது. ஞாயிறன்று விளையாட்டில்லை என்பதை லிடெல் அங்கும் கடைப்பிடித்து வந்தார். ஆனால் பிள்ளைகள் சிலர் ஒரு ஞாயிறன்று நடுவரின்றித் தாமே ஹாக்கி ஆடத் தொடங்கி, அது சண்டையாய் முடிந்தது. அதனை அறிந்த லிடெல் அடுத்த ஞாயிறன்று தாமே நடுவராய்க் களத்தில் வந்து நின்றார். தங்கப் பதக்கத்திற்காக அசையாத நெறி, பிள்ளைகளின் நலத்திற்காக அசைந்தது. இஃது உறுதி குலைந்தமையன்று. தமக்கு வரும் ஊதியத்திற்காக நெறியை நெகிழ்ப்பது தளர்ச்சி. பிறர் துன்பம் தீர நெகிழ்ப்பது அருள். விடாப்பிடிக்கும் விடாமுயற்சிக்கும் உள்ள வேறுபாடு இதனால் விளங்கும்.

1945ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்க்குக் கடுந்தலைவலியும் சோர்வும் தோன்றின. உழைப்பின் மிகுதியால் வந்த தளர்ச்சி என்றே பிறர் எண்ணினர். உண்மையில் அவர் மூளையில் கட்டி வளர்ந்திருந்தது. அவ்வாண்டு பெப்ருவரித் திங்கள் 21ஆம் நாள், தம் 43ஆம் வயதில், அவர் அம்முகாமிலேயே உயிர் நீத்தார். ஆறு திங்கள் நிறைவதற்குள், ஆகத்து 17ஆம் நாள் அம்முகாம் விடுவிக்கப்பட்டது. 1991ஆம் ஆண்டில் எடின்பரோ பல்கலைக்கழகம் ஸ்காத்லாந்துக் கருங்கல்லால் ஆகிய நினைவுக்கல் ஒன்றை அவ்விடத்தில் நிறுவிற்று.

நாம் கொள்ளற்பாலது

மாணவச் செல்வங்களே! இம்மூன்று இடர்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதலாவதில் அவர் எழுந்தார். வெற்றி அப்பொழுதே கிடைத்தது. இரண்டாவதில் அவர் இழந்தார்; வெற்றி வேறொரு வழியில் வந்தது. மூன்றாவதில் கண்ணுக்குத் தெரியும் வெற்றி எதுவும் வரவில்லை. விடுதலையைக் காணவில்லை, மனைவி மக்களை மீண்டும் காணவில்லை. எனினும் முதல் ஓட்டத்தில் எவ்வாறு எழுந்தாரோ அவ்வாறே இறுதி வரை நாள்தோறும் எழுந்தார். இறைநம்பிக்கை அவர்க்கு வெற்றியை வாங்கித் தரும் விலைப்பொருளாய் இருந்ததில்லை. வெற்றி வரினும் வாராதொழியினும் தம் கடமையினின்றும் வழுவாது நிற்கும் வலிமையாய் இருந்தது. தாம் ஓட்டத்தை முடித்துவிட்டதாகத் தூய பவுல் தம் இறுதிக் காலத்தில் கூறினார். முதலில் வந்ததாகக் கூறினாரல்லர். முடித்தலே பெரிது என்பது அவர் கருத்து.

நீங்கள் எச்சமயத்தைச் சார்ந்தவராயினும் இப்பாடம் உங்களுக்கும் உரியதே. தேர்வில் தவறுதல், ஆட்டத்தில் தோற்றல், நோயால் ஓராண்டு வீணாதல், வீட்டின் வறுமையால் படிப்பு தடைப்படுதல் ஆகியவை உங்களுள் பலர்க்கு நேரலாம். அவ்வேளையில் 'இஃது எவரால் வந்தது?' என்று கேட்டுக்கொண்டு பாதையின் ஓரத்தில் அமர்ந்துவிடாதீர்கள். 'இன்னும் ஓடலாமா?' என்று கேளுங்கள். ஓடலாம் என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். அன்று எழுந்து ஓடுங்கள், மறுநாளும் எழுங்கள். ஒருமுறை எழுவது வீரம். நாள்தோறும் எழுவது வாழ்க்கை.

பயிற்சி

1. முயற்சி, விடாமுயற்சி ஆகிய இரண்டற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. 1923ஆம் ஆண்டுப் போட்டியில் லிடெல் விழுந்தபின் நிகழ்ந்தனவற்றை உம் சொந்த நடையில் எழுதுக.
3. லிடெல் 100 மீட்டர் ஓட்டத்தைத் துறந்தமைக்குக் காரணம் யாது? அதன்பின் அவர் செய்தது என்ன?
4. பதக்கத்திற்காக அசையாத நெறி பிள்ளைகளுக்காக அசைந்தது ஏன்? இது பொருந்துமா? காரணங்காட்டி விளக்குக.
5. 'எல்லைக்கோடு காணாத ஓட்டம்' என்பது எதனைக் குறிக்கின்றது?
6. நீவிர் அறிந்த ஒருவர் இடையூற்றை வென்ற நிகழ்ச்சியை ஒரு பக்க அளவில் எழுதுக.